ஒரு கைப்பிடி

சர்க்கரை பதினெட்டு என்று
கிளினிக்கில் எழுதிக் கொடுத்த வாரம்
வீட்டில் பால் டின் வாங்குவது நின்றது.
கடைசி டின்னைக் கழுவிக் கவிழ்த்தேன்.
மூடியை முழுக்க வெட்டாமல்
பாதியில் வளைத்து வெளியே நீட்டினேன்,
உட்கார ஒரு நாக்கு.
விளிம்பைச் சிமெண்டுத் தரையில்
வெகு நேரம் தேய்த்தேன்.
குருவிக்குக் காலில் வெட்டுப்பட்டால்
ஆறுமோ ஆறாதோ.

அடுத்தது எண்ணெய் போத்தல்.
ஆணியைச் சுடவைத்து இரண்டு பக்கமும் துளை,
குறுக்கே சாத்தேக் குச்சி.
துளை பெரிதாகிவிட்டது.
காற்றடித்த முதல் நாளே
அரை டின் அரிசி கீழே போனது.
நாலாவது மாடி. எட்டிப் பார்த்தேன்,
தரையில் ஒரு மணியும் இல்லை.

ஃபேக்டரியில் எனக்கு இரவு ஷிப்ட்.
கையுறைக்குள் காற்றடித்து
ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.
பத்தொன்பது வருடம்
ஓட்டையைக் கண்டால் ஒதுக்கிய கை
இப்போது ஓட்டை போடப் பழகுகிறது.

பதினொரு நாள் எதுவும் வரவில்லை.
எதிரே கோலக்கெட்டில் ஆறு வரைக்கும் செம்பனை,
அத்தனை மரத்தில் ஒன்றுக்குமா பசியில்லை?
பன்னிரண்டாம் நாள் ஒரு மைனா.
குச்சியைக் கொத்திப் பார்த்தது,
எங்களைத் திட்டிவிட்டுப் போனது.
பிறகு சிட்டு இரண்டு.
பிறகு மெர்போக்,
கழுத்தில் கோடு போட்ட சின்னப் புறா,
குச்சியில் நிற்கத் தெரியாமல்
இரண்டு முறை சறுக்கியது.

இவர் நாற்காலியை வெளியே இழுத்துக்கொண்டார்.
லாரி லாரியாகக் குலை ஏற்றிய மனிதர்,
பெருவிரல் போன காலை ஸ்டூலில் நீட்டி,
"என் சோத்தைத்தானே அதுக்குப் போடுற?" என்றார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
அவருக்கு ஒரு கைப்பிடி குறைத்தது உண்மை.
குறைத்ததைத் திரும்ப அரிசி வாளியில் கொட்ட
மனம் வரவில்லை, அதுவும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது.
மூன்றாம் மாடி பாக்சிக் ஹாலிம்.
கையில் கூண்டு.
கூண்டுக்குள் பந்தயத்துக்கு வளர்க்கும் மெர்போக்.
அரிசி ஒரு மாடிதான் இறங்கியிருக்கிறது!
கம்பிக்குள் விழுந்ததைத் தின்று தின்று
பாட்டு நின்றுவிட்டதாம்.
இரண்டு வாரத்தில் பாலிங்கில் போட்டியாம்.
"கெமோக்" என்று
தன் கன்னத்தை உப்பிக் காட்டினார்.

இவர் சிரித்ததில் நாற்காலி நகர்ந்தது.
"இதுக்கும் சாப்பாட்டைக் குறைச்சாச்சா?"
"ஒரு நாளைக்கு ஒரே கரண்டி."
பிறகு இருவரும் பேசவில்லை.
ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் மாதிரி
கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஹாலிம் மறுபடி வந்தார்,
மார்ஜரின் டப்பாவும் கம்பியுமாக.
மழைத் தண்ணீர் வடிய
சிகரெட் நெருப்பால் அடியில் நான்கு துளை.
போத்தலுக்குக் கீழே அவரே கட்டினார்,
சிந்துவதெல்லாம் இனி அதில்.
மெர்போக்குக்கு அது தோதாகிவிட்டது.
தட்டையாக நின்று
தட்டில் தின்பதுபோலத் தின்கிறது.

விடியற்காலை பஸ் இறங்கி ஏறி வருகிறேன்.
கையில் இன்னும் ரப்பர் வாடை.
மேலே டப்பாவில் ஒன்று தின்கிறது,
கீழே கூண்டில் ஒன்று கூப்பிடுகிறது.
விட்டு விட்டு, நீளமாக.
குரல் திரும்பிவிட்டது என்று
படியில் நின்று சொல்கிறார் ஹாலிம்.

பாலில்லாத கோப்பியை ஆற்றிக்கொண்டே
இவர் சொல்கிறார்:
பசி அது.