பதினேழாம் பக்கம்

நாற்பது செட் கேட்டால் நாற்பத்தொன்று ஓட்டுவேன்.
அந்த ஒன்று எனக்கு.
தீர்த்தகிரி அண்ணனுக்குத் தெரியும்,
பக்கத்துக்கு ஐம்பது காசு
சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில்
ஒகேனக்கல் வண்டிகள் நிற்கும் பக்கம் எங்கள் கடை.
ரேஷன் கார்டு, பட்டா, சாதிச் சான்று,
தொலைந்த சான்றுக்குப் போலீஸ் தந்த சான்று.
இவற்றுக்கு நடுவில் ஒருநாள்
தர்மபுரி கோச்சிங் சென்டர்காரர்கள்
வேர்களைக் கொண்டுவந்தார்கள்.

இருபத்திரண்டு பக்கம். பாதி லத்தீன், பாதி கிரேக்கம்.
எதிரே தமிழில் பால்பாயிண்ட் குறிப்பு,
யாருடைய கையெழுத்தோ,
‘ழ’ எல்லாம் வால் சுருண்டு.

முதல் பக்கத்திலேயே நாங்கள் இருந்தோம்.
செரோஸ் என்றால் உலர்ந்தது.
ஈர மை இல்லாமல் பொடியால் எழுதுவதால் செராக்ஸ்.
நான்கு வருஷம் அந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்,
காய்ந்த கடை என்று யாரும் சொல்லவில்லை.
ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டும்
புகை மட்டும் வந்த ஊரில்
பொருத்தமான பெயர்தான்.

எட்டாம் வகுப்பில்
பகுபதம் பிரித்துப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான்.
பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம்.
‘வந்தனன்’ என்றால்
உள்ளே ‘வா’ குறுகி நிற்பதைக் கண்டுபிடித்துவிடுவேன்.
இங்கிலீஷும் இப்படிப் பிரியும் என்று
எந்த டீச்சரும் சொல்லவில்லை.
அவர்கள் தந்தது ஸ்பெல்லிங், ஐந்து ஐந்து தடவை.

இப்போது கண்ணில் படுவதையெல்லாம் பிரிக்கிறேன்.
ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘ஹைப்போ’ இருந்தால் ஏதோ கீழே,
‘ஹைப்பர்’ இருந்தால் ஏதோ மேலே.
டெலி என்றால் தூரம், போன் என்றால் குரல்.
திருப்பூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு
தூரம் சரியாகப் பொருந்துகிறது,
குரல் வாரத்துக்கு ஒருமுறை.
ஒகேனக்கல் வண்டியின் போர்டையும் விடவில்லை:
கன்னடம். புகையும் கல்.

பதினேழாம் பக்கம்.
‘ஃப்ளூ’: பாய்தல், ஓடுதல்.
ஃப்ளூயன்ட், தடையில்லாமல் பேசுவது.
அதுதான் என்னிடம் இல்லை என்று
ஓசூர் கம்பெனி இன்டர்வியூவில் எழுதினார்கள்.
மூன்று வரி கீழே ஃப்ளூரைடு.
ஏதோ ஒரு கல்லை உலையில் சேர்த்தால்
உலோகம் இளகி ஓடுமாம், அதனால் அந்தப் பெயர்.
கல்லிலிருந்து போர் தண்ணிக்கும்
தண்ணியிலிருந்து என் முன்பற்களுக்கும்
டீக்கறை மாதிரி வந்து நின்றது அதுதான்.

இன்டர்வியூவில் பதில் தெரியாமல் இல்லை.
வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.
மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினால்
எந்த மொழியும் முணுமுணுப்புதான்.

இரண்டுக்கும் ஒரே வேராம்.
சூடாக வெளியே வந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
கோபம் வந்தது.
யார்மேல் என்று பிரிக்கத் தெரியவில்லை.

பக்கத்தின் அடியில் இன்னொரு சொல்.
தாள் நகர்ந்திருக்கிறது, வலது ஓரம் முழுக்கக் கருப்புப் பட்டை.
‘கான்ஃப்ளூ’ வரைதான் விழுந்திருக்கிறது.
தமிழ்க் குறிப்பும் இருட்டுக்குள்.
நாற்பது பேரும் இதே இருட்டோடுதான் படிப்பார்கள்,
என் தப்புதான்.

கான் என்றால் கூட, சேர்ந்து. நான்காம் பக்கத்தில் இருக்கிறது.
சேர்ந்து பாய்வது.
இதை நான் பார்த்திருக்கிறேன்.
மீன் வறுக்கும் கடைகளைத் தாண்டி
சின்னாறு வந்து காவிரியில் விழும் இடம்.
மழைக்கு அடுத்த நாள் போனால்
செம்மண் தண்ணியும் பச்சைத் தண்ணியும்
கொஞ்ச தூரம் பேசிக்கொள்ளாமல்
பக்கத்தில் பக்கத்தில் போகும்.

சொல்லிப் பார்த்தேன், விகுதி இல்லாமலே.
மெஷின் கண்ணாடியில் பல் தெரிந்தது.
இன்னொரு தரம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

“ஆதாரும்மா. ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வரணும்”
என்றார் ஒருவர்.

வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்தேன்.