எட்டு ஓம்

நாலாயிரத்து இருநூறு ரூபாய்க் கடனுக்குப் பதில்
உச்சிமாகாளி ஒரு ஸ்பீக்கரைச்
சாக்கில் சுற்றி பைக்கில் கொண்டுவந்தான்.
"வட்டிக்கு இந்த ஒயரையும் வச்சுக்கோக்கா."
முன்னீர்பள்ளத்திலிருந்து சமாதானபுரம் வரை
குலுங்கி வந்திருக்கிறது.
கூம்பின் நடுத்தொப்பி
யாரோ வெந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்த
இட்லி மாதிரி அமுங்கியிருந்தது.

என் பெட்டியில் பன்னிரண்டு அங்குல ஓட்டைகள் இரண்டு.
மேலே, தவணையில் வாங்கியது.
கண்ணாடி வளையலைத் தரையில் போட்டது போல
உச்ச சுரங்களை மட்டும் துல்லியமாய்ச் சொல்லும்.
கீழே இருந்ததை
சுரண்டைக் கொடை முடிந்து வேனில் ஏற்றும்போது
மைக் ஸ்டாண்டின் கால் கிழித்துவிட்டது.
நாளைக்கு முக்கூடலில் கச்சேரி.

வந்ததன் முதுகில் எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது.
மீட்டரை வைத்தேன்.
ஆறு புள்ளி நாலு.
சரிதான், எட்டு ஓம்காரர்கள்
சும்மா இருக்கும்போது ஆறரைக்குப் பக்கம்தான் காட்டுவார்கள்,
பாடத் தொடங்கினால்தான் எட்டு.
என்னுடையதும் ஆறு புள்ளி நாலு.
எடை வேறு, காந்தம் வேறு, காகிதம் வேறு,
இந்த ஒன்றில் ஒத்துப்போயின.

சீரீஸில் போட்டால் பதினாறு, ஆம்ப் சோம்பும்.
பேரலலில் நாலு.
'நாலுக்குக் கீழே போகாதே' என்று
ஆம்ப்பின் பின்னால் எழுதியிருக்கிறது.
போகவில்லை, விளிம்பில் நிற்கிறேன்.

சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு.
பழையதிலும் ஒரு முனையில் சிவப்பு இருந்தது.
பற்றவைத்தேன், எட்டுத் திருகாணியையும் முடுக்கினேன்,
பெட்டியை நிமிர்த்தி
ஈ மைனர் அடித்தேன்.

வயிறே இல்லை.
அவ்வளவு பெரிய பெட்டியிலிருந்து
பவுடர் டப்பாவுக்குள் மாட்டிய கொசு.
கீழ்வீட்டு எமிமாள் டீச்சர் படாரென்று
ஜன்னலைச் சாத்தியதில்தான்
நல்ல பேஸ் இருந்தது.

தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாகவே இருந்தன.
பழையது, சொன்னால் நம்பமாட்டீர்கள்,
பனங்கிழங்கு அவிக்கிற பானையைத் திறந்ததும்
முகத்தில் அடிக்கிற சூடு.
சேர்த்தால் காணோம்.

பதினொன்றரைக்கு
டிஸ்டார்ஷன் பெடலின் வயிற்றிலிருந்து
ஒன்பது வோல்ட் பேட்டரியை உருவினேன்.
சிவப்பில் பிளஸ், கறுப்பில் மைனஸ்.
என்னுடையது முன்னால் வந்தது.
பழையது பின்னால் போனது.
மறுபடி தொட்டேன்.
பின்னால்.

ஒன்று தள்ளிய காற்றை
மற்றது பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தச் சிவப்பை நகத்தால் சுரண்டினேன்.
பெயிண்ட் செதிலாக உரியும்.
இது பொடியாக உதிர்ந்தது.
முகர்ந்தேன். எங்கள் வீட்டில் இல்லாத வாசனை,
ஆனால் வருஷம் முப்பது கொடையில்
மேடைக்குப் பின்னால் நின்று எனக்குப் பழகிய வாசனை.

போனில் உச்சிமாகாளி தூக்கத்தோடு சிரித்தான்.
"சவம், அது ஆயுதபூசைக்கு எங்கம்மை வச்ச குங்குமம்லாக்கா.
கைக்கு எது எட்டிச்சோ அதுல வச்சிருக்கும்.
நீ அத பிளஸ்னா நெனச்ச?"
கொஞ்சம் கழித்து, வேறு குரலில்,
"அழிச்சிராத, என்ன?"

அழிக்கவில்லை.
கறுப்பு ஒயரை அங்கே மாற்றினேன்.
பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
இது மைனஸ்.

இப்போதும் பழையது கொஞ்சம் மிஞ்சித்தான் கத்துகிறது.
ஒரே கரண்டுக்கு அதற்கு வாய் அதிகம்,
மூன்று டெசிபல் இருக்கும்.
கீழேயே இருக்கட்டும், என் முழங்காலோடு பேசட்டும்.

ஈ மைனர்.

ஜன்னல் திறந்தது.
"எளா கோட்டி, மணி பன்னிரண்டு.
அலமாரில டம்ளர் எல்லாம் அதிருது."

காது கொடுத்துக் கேட்டேன்.
டம்ளரும் ஈ தான்.
கொஞ்சம் இறங்கிய ஈ.