பதியாத கட்டைவிரல்

அத்திப்பட்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
பழைய அரிசி குடோனுக்கு வெள்ளையடித்து
வகுப்பறை ஆக்கியிருக்கிறார்கள்.
வாசல் பேனரில் ஏழு சின்னங்கள்.
ஒரு கம்பெனி, ஒரு வங்கி, அரசுத் துறை இரண்டு,
பொன்னேரியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம்,
சூளூர்ப்பேட்டையில் ஒரு கல்லூரி.
ஏழாவது யாருடையது என்று
வாட்ச்மேன் எட்டியப்பனுக்கும் தெரியவில்லை.
இலை மாதிரியும் இருக்கிறது, தீ மாதிரியும்.

அறுபது நாள் வகுப்பு. நாளைக்கு முந்நூறு ரூபாய்.
விரல் பதிந்தால்தான் நாள்.

என் விரல் பதியவில்லை.

பதினாறு வருஷம் கான்ட்ராக்டில்
சாம்பல் குழாய் வெடித்த இடத்திலெல்லாம்
சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக்கொண்டு நின்றவன்.
ரேகை எந்தக் குழாயோடு போனதோ.
மெஷின் சிவப்பாய்ச் சிணுங்குகிறது.
துடைத்தேன், ஊதினேன், எச்சில் தொட்டேன்.
பின்னால் வரிசை நெளிகிறது.
"இன்னா நைனா, ரேஷன் கடையிலயும் இப்டித்தானா?"
"அங்க கண்ணக் காட்டுவேன்" என்றேன்.

கேட்டவள் ஏகவள்ளி, காட்டுக்குப்பம்.
ஆற்றுச் சேற்றில் கையால் தடவி
இறால் பிடித்தவள்.
கனெக்டர் சரியாகக் கவ்வியதா என்று
பார்க்காமலே சொல்கிறாள்
விரல் நுனியால்.
மேடம் சுகிர்தா இரண்டு முறை சோதித்துவிட்டு
அப்புறம் சோதிப்பதை விட்டுவிட்டார்.

முதல் ரயிலில் வருகிற மஸ்தானய்யாவுக்கு
தமிழ் எழுத்து ஓடாது.
ப்ளஸ்ஸும் மைனஸும் ஓடும்.
மதியம் அவன் கோங்குரா, எங்கள் நெத்திலி.
ஒப்பந்தத்தில் எழுதாத கூட்டு அது.

நாற்பதாம் நாள் ஏகவள்ளி எழுந்து நின்றாள்.
"வேலை எங்க மேடம்?"
திரையில் வரைபடம் வந்தது.
தூத்துக்குடி. ராமநாதபுரம். குஜராத்தும் உண்டு.
"இங்க?"
"பார்ப்போம்."
"பார்ப்போம்ன்ற ஊருக்கு
எந்த ரூட் பஸ் போகுது மேடம்?"
சிரிப்பு அடங்க நேரமானது.
மேடம் மட்டும் சிரிக்காமல்
நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் மாடியில்.
தெற்கு பார்த்துச் சாய்ந்த பன்னிரண்டு பலகைகள்.
கிழக்கே என் வேலை
வேறு யாரையோ வைத்துக்கொண்டு
இன்னும் புகைகிறது.
"ஒரு வாரமா யாரும் துடைக்கல" என்றார் மேடம்.
மீட்டரில் ஆறு புள்ளி இரண்டு.
"ஏமி தூசி இது?" என்றான் மஸ்தானய்யா.

எனக்குத் தெரியும்.
மாவு போல, சாம்பலுக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு நிறம்,
நாக்கில் பட்டால் சுண்ணாம்பு வாடை.
சோற்றில் தின்றிருக்கிறேன்.
இருமலில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

பழக்க தோஷம்,
கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

எடுத்தபோது கண்ணாடியில்
சுழி, வளைவு, ஓரத்தில் பழைய வெட்டுத் தழும்பு,
அலை வாங்கிய பிறகு
முகத்துவார மணலில் கிடக்கும் வரிகள் போல
ஒன்று குறையாமல்.

"துடைச்சுடுங்கண்ணே" என்றார் மேடம்.
"ஒரு செல்லுல நிழல் விழுந்தா
மொத்த வரிசையும் தளரும்."

துடைத்தேன்.
ஈரத்துணி கனத்தது. சாம்பல் தண்ணீர்
மழைநீர்க் குழாய் வழியாக
எங்கே போகுமோ அங்கே போனது.
மீட்டரில் ஏழு. ஏழரை.
எட்டு புள்ளி ஒன்று.
யாரோ கைதட்டினார்கள்.
நான் எதற்கென்று தெரியாமல்
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை
மெஷின் மறுபடியும் சிவப்பு.
எட்டியப்பன் கோடு போட்ட நோட்டை எடுத்தார்.
நோட்டுக் கணக்கு செல்லுமா என்று
ஏழு பேரில் ஒருவரும் இதுவரை சொல்லவில்லை.
டெல்லிபாபு என்ற பெயருக்கு நேரே
பேனா மக்கர் செய்ய, உதறி, உதறி
அழுத்தி எழுதினார்:
வந்தார்.