மணி கழற்றிய காலை

ஸாவெனின் கூண்டுக்குள் ஒரே ஒரு முக்காலி.
காத்திருப்பவர்களுக்கென்று
ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, நீலம், ஆண் அளவு.
யெரெவானில் இந்தச் சுரங்கப்பாதையில் நடக்கும் பாதிப் பெண்கள்
பத்து நிமிடமாவது அதற்குள் கால் நுழைத்திருப்பார்கள்.
நானும் நுழைத்தேன்.
எனக்கு முன்னால் வந்தவளின் சூடு
இன்னும் ஆறவில்லை.

"ரப்பர் போய் ஒரு மாதமாகிறது அம்மணி,
நீங்கள் நடந்துகொண்டிருப்பது ஆணிமேல்"
என்று விளக்கடியில் திருப்பிக் காட்டினார்.
வலது குதியில் பயறளவு மிச்சம்.
இடதில் அதுவும் இல்லை,
பிளாஸ்டிக்கையே கல் தின்றிருந்தது.

குறடால் பிடித்து ஒரு திருகு. வந்துவிட்டது.
ஓட்டை தளர்ந்திருந்ததால்
தீக்குச்சி ஒன்றை ஒடித்து, பசையில் தோய்த்து,
உள்ளே செருகி, நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கினார்.
புது முனையின் ஊசி இனி மரத்தைக் கவ்விக்கொள்ளுமாம்.
சுத்தியலால் மூன்று தட்டு.
சக்கரத்தில் ஓரம் தேய்த்தபோது
எரிந்த ரப்பர் நெடியில் எனக்குக் கண் கரித்தது, அவருக்கு இல்லை.
உரிந்து சுருண்ட தோலைக் கீழிழுத்து ஒட்டி
விரலாலேயே கறுப்பு மை தடவினார்.
ஆயிரத்து ஐந்நூறு திராம்.
பழைய முனைகள் ஒரு காப்பி டப்பாவுக்குள் விழுந்தன,
எத்தனையோ பேருடையதோடு.

மேலேறி வந்தால்
நடைபாதை என்னைக் கண்டுகொள்ளவேயில்லை.
சத்தமே இல்லை.
யாரோ என் காலுக்குக் கீழே
ரொட்டியை வைத்து வைத்து எடுப்பதுபோல்.

நீர் வாரியம், புகார்ப் பிரிவு, மூன்றாம் மாடி.
பன்னிரண்டு வருடமாக
நான் வருவதற்கு முன் வருவது என் ஹீல்ஸ்தான்.
இரண்டாம் மாடி திரும்பும்போதே
மேலே நாற்காலிகள் சரியாகும்,
தொலைபேசிகளை எடுக்கத் தொடங்குவார்கள்,
சிகரெட் வாசனை மட்டும் ஜன்னலைத் தாண்டத் தெரியாமல் நிற்கும்.
யானைக்கு முன்னே மணியோசை.
அன்று
மணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த யானை நான்.

கதவு பாதி திறந்திருந்தது.
நெர்செஸ் இரண்டு பேனாக்களால் மேசையில்
டக்... டடக். டக்... டடக்.
ஷுஷானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.
எனக்குப் புரிய நேரமானது.
இடது குதி அதிகம் தேய்ந்தவளின் நடை அது.
நான் நொண்டிக்கொண்டிருந்தேன்,
மூன்றாம் மாடி முழுவதற்கும் தெரிந்திருக்கிறது,
எனக்குத் தவிர.

உள்ளே போகக் கை நீட்டினேன்.
பேனா நின்றது.
"மணி ஒன்பதே முக்கால்," என்றான் நெர்செஸ்.
"இன்னும் சத்தம் வரவில்லை."
யாரும் சிரிக்கவில்லை.
"செவ்வாய்க்கிழமையே மெதுவாகத்தான் ஏறினாள்,"
இது ஷுஷானிக்,
"இரண்டு படிக்கு ஒருமுறை நின்றாள்.
யாராவது போன் செய்யுங்கள்."
"நீ செய்."
"எனக்குப் பயம், நீ செய்."

என் கைப்பைக்குள் போன் அதிரத் தொடங்குமுன்
திரும்பி நடந்தேன்.
பூனை மாதிரி, ஸாவெனின் புண்ணியத்தில்.
தரைத்தளம்வரை இறங்கினேன்.
போன் அடித்தது. எடுக்கவில்லை.
வீட்டுச் சாவிக்கொத்தை வெளியே எடுத்தேன்,
இரும்புக் கைப்பிடியில் ஒவ்வொரு கம்பியாக உரசவிட்டபடி
ஏறினேன், அவசரமில்லாமல்,
இரண்டாம் மாடியில் மட்டும் கொஞ்சம் பலமாக.

மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது.
பிறகு இன்னொன்று.
ஜன்னல் திறக்கும் சத்தம்.

நான் உள்ளே நுழைந்தபோது
எல்லோரும் தொலைபேசியில் இருந்தார்கள்.
நெர்செஸ் நிமிராமல்
என் கால்களைப் பார்த்தான்,
சாவியைப் பார்த்தான்,
யாரிடமோ குழாய் உடைந்த முகவரியை
இரண்டாம் முறையாகக் கேட்டான்.