மணி அடிக்க வேண்டாம்

இரவு இரண்டேகாலுக்கு மகாதேவபுராவில்
எங்கள் சோதனைகள் தாமாக ஓடத் தொடங்கும்.
வெளியே ஒரு கதவையும் அவை தட்டுவதில்லை.
கேள்வி கிளம்பும்போதே வாசலில் மடக்கி
பழைய கோப்பிலிருந்து பதிலை எடுத்து நீட்டுவோம்.
நெட் அறுந்தாலும்
பணம் வாங்கும் கம்பெனி படுத்தேவிட்டாலும்
எங்களுக்குப் பச்சை.

கேசட் என்றுதான் அதற்குப் பெயர்.
நாடா கிடையாது, பென்சில் நுழைத்துச் சுற்ற ஓட்டை கிடையாது.
வெறும் எழுத்து, நாலாயிரத்துச் சொச்சம் வரி.

லவீனா பதிந்தது.
இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்ட், ஒரு புதன்கிழமை,
இரவு எட்டு ஐம்பத்திரண்டு.
சோதனைக் கணக்கு அன்று தயாராகவில்லை போலும்.
சொந்தக் கணக்கில் சொந்தப் பசிக்கு ஆர்டர் போட்டு
அதையே பதிந்துவைத்திருக்கிறாள்.
நீர்தோசை இரண்டு, கோழிக்கறி ஒன்று,
முருகேஷ்பாளையா, மூன்றாவது கிராஸ்.
மழை என்பதால் பதினைந்து ரூபாய் கூடுதல்.
கடவுச்சொல்லுக்கும் கார்டு எண்ணுக்கும்
ஒழுங்காக நட்சத்திரம் போட்டு மறைத்தவள்
கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டாள்:
மணி அடிக்க வேண்டாம். குழந்தை இப்போதுதான் தூங்கியது.

நான் அவளைப் பார்த்ததில்லை.
அவள் நாற்காலிக்கு வேறொருவர் வந்து, அவரும் போய்,
அப்புறம் நான்.
எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் கேசட் வாய் திறக்கும்,
ஒரு முற்றுப்புள்ளி பிசகினாலும் சிவப்பு.
அதனால் ஆறு வருடமாக
யார் எந்த வரியைத் திருத்தினாலும்
எங்கள் இயந்திரம் மணி அடிக்க வேண்டாம் என்கிறது.
முருகேஷ்பாளையாவில் மழை பெய்கிறது.
இருபத்து மூன்று நிமிடத்தில் வரும் என்கிறார்கள்.
குழந்தை இப்போதுதான் தூங்கியது.

ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கும் இப்போது.

போன செவ்வாய்
பணம் வாங்குகிறவர்கள் சொல்லாமல் ஒன்றை மாற்றினார்கள்.
எண்ணாக வந்துகொண்டிருந்த தொகை எழுத்தாக வந்தது.
எலஹங்காவிலிருந்து ஜெயநகர் வரை ஆர்டர் நின்று
ஊரே பசியோடு எங்களைத் திட்டிக்கொண்டிருந்தபோது
ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு சோதனையும் பச்சை.
'டெஸ்ட் பாஸ்தானே?' என்று தேபஜானி கேட்டாள்.
பாஸ்தான்.
பத்தொன்பதாம் வருடத்தில் ஒரு குறையும் இல்லை.

புதிதாகப் பதியும் வேலை என் தலையில் விழுந்தது.
பரீட்சைக்கென்று அவர்கள் வைத்திருக்கும் பொய்க்கதவு
அன்றைக்குப் பார்த்துப் பூட்டிக் கிடந்தது.
நிஜக்கதவைத் தட்டினால் நிஜச்சோறு வரும், வரட்டும்.
கணக்கை மாற்றினேன், முகவரியை மாற்றினேன்,
பி.டி.எம். இரண்டாவது ஸ்டேஜ், மாடியறை.
கடைசிக் கட்டத்தில் எதைப் போட்டாலும் வேலை நடக்கும்.
காலியாக விட்டாலும் நடக்கும்.
அவள் வாக்கியத்தை அப்படியே ஒட்டினேன்.
சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு பதினொன்று நாற்பதுக்கு
கதவில் நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம்.
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கி
செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டு ஏறி வந்திருந்தான்.
பை சரசரக்காமல் இரண்டு கையாலும் நீட்டி
'மகு மலகித்யா, சார்?' என்றான்.
என் அரைகுறைக் கன்னடத்தில் மகு என்றால் மகவு.
எனக்குப் பின்னால் ஒற்றைக் கட்டில்,
லேப்டாப், கொடியில் இரண்டு சட்டை.
'ஹௌது' என்றேன், அவனைவிட மெதுவாக.

வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய்
அங்கேதான் ஸ்டார்ட் செய்தான்.

உள்ளே பதிவு எப்போதோ முடிந்திருந்தது.
பதில் இருநூறு, எல்லாம் சரி.
முப்பத்தெட்டு நிமிடம், மழைக்கட்டணம் இல்லை.
என் பெயருக்கு நட்சத்திரம் போட்டேன்,
கார்டுக்குப் போட்டேன்,
கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டேன்.

பிறகு சாப்பிட்டேன்.
தட்டைக் கழுவும்போது
குழாயைக் கொஞ்சமாகத்தான் திறந்தேன்.