பெனிங்

லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில்
பதினேழு வருடமாக நான் மொழிபெயர்ப்பாளன்.
சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன்:
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

இன்று கூண்டில்
புஷ்பநாயகி த/பெ இருளாண்டி, முப்பத்தெட்டு வயது,
பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில்
பூதக்கண்ணாடி வைத்துச் சில்லு பார்த்தவர்.
சுங்கை நிபோங் சிக்னலில் நின்ற அவர் மோட்டாரை
ஐஸ் லோரி ஒன்று பின்னாலிருந்து தட்டியது.
தட்டியது என்பது லோரிக்காரரின் சொல்.
ஹெல்மெட் உடையவில்லை. எலும்பும் உடையவில்லை.
ஸ்கேன் படம்
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தம்.
இரண்டு வருடமாகிறது.

"இப்போது என்ன செய்கிறது?"
அவருடைய வக்கீல் கேட்டார்.

கிறுகிறுன்னு வருதுங்க.
பெனிங், என்றேன் மலாயில்.
அது இல்லாதப்ப மண்ட கனம்,
ஈரச் சாக்கத் தூக்கி மேல வெச்ச மாதிரி.
பெனிங்.
டியூப் லைட்டப் பாத்தா
கண்ணுக்குள்ள ஊசி... ஊசி இல்ல... அது வந்து...
காத்திருந்தேன்.
அவர் உதடு அசைந்தது, சொல் வரவில்லை.
பெனிங், என்றேன்.
நீதிபதி மூன்று முறை எழுதி
மூன்றாவதை அடித்தார்.

மலாயில் வேறு சொல் இல்லாமலில்லை.
மணி பதினொன்றரை, நான் பசியாறியிருக்கவில்லை,
கைக்கு எட்டியது அதுதான்.

இன்சூரன்ஸ் தரப்பு மிஸ்டர் கூ
ஒரு ஃபோட்டோவை நீட்டினார்.
பட்டர்வொர்த்தில் கல்யாண மண்டபம்,
கத்தரிப்பூ நிறச் சேலை, தலை நிறையப் பூ.
"இது நீங்கள்தானே?"
ஆமாங்க.
"சிரிக்கிறீர்கள்."
ஃபோட்டோக்காரரு சிரிக்கச் சொன்னாருங்க.
மாற்றாமல் சொன்னேன்.
பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

கெட்டிமேளம் தொடங்கியதும்
காதில் ஈரப்பஞ்சை அடைத்துக்கொண்டு
பெண்கள் கழிவறையில் உட்கார்ந்திருந்ததை,
தம்பி தாலி கட்டியதைப் பார்க்காமலே போனதை,
காலையில் நடையில் என்னிடம் சொல்லியிருந்தார்.
கூண்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.
நடையில் கேட்டது நடையோடு.

"நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்."
தொண்ணூத்தி மூணு.
எண்பத்தாறு.
எம்பது...
மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.
"முப்பது நாளும் குறையில்லாமல்
மளிகைக் கடன் கணக்குப் பார்க்கிறீர்கள்.
இது நடிப்பா?"
அந்த ஒரு சொல்லை மட்டும்
குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.
சத்தியத்தில் குரலைப் பற்றி ஒன்றுமில்லை.

மளிகைக் கணக்க எம்மவ பாக்குறா, என்றார்.
மகளுக்கு என்ன வயது என்று கேட்க
யாருக்கும் தோன்றவில்லை.
பத்து.

மத்தியானத்துக்கு ஒத்திவைத்தார்கள்.
படியிறங்குமிடத்தில் சமாதானம் பேசினார்கள்.
நானும் நின்றேன், சொல்லுக்கு ஆள் வேண்டுமே.
இருபத்தெட்டாயிரம் வெள்ளி,
வக்கீல் ஃபீஸ் அதில் போக.
ஐஸ் லோரி தட்டியதோடு கேஸ் முடிந்தது.

எவ்வளவுங்க?
இருபத்தெட்டாயிரம், என்றேன்.
தலையாட்டினார்.
கடல் பக்கம் ஃபெரி சங்கு ஊதியது.
கண்ணை மூடிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்,
விரல் கணு வெளுக்க.
எவ்வளவு சொன்னீங்க?
இருபத்தெட்டாயிரம்.

பேனாவைக் கொடுத்தார்கள்.
புஷ்ப என்று எழுதி நிறுத்தி
எழுதியதையே பார்த்தார்,
வேறு யாருடைய பெயரோ போல.
பிறகு மீதியை எழுதி முடித்தார்.

அண்ணே, எவ்வளவுன்னு சொன்னீங்க?

மிஸ்டர் கூவுக்குத் தமிழ் தெரியாது.
ஆனால் ஒரே கேள்வி மூன்றாம் தடவை வந்தால்
எந்த மொழிக்காரருக்கும் தெரியும்.
நிமிர்ந்து பார்த்தார்.
பையின் ஜிப்பைப் பாதி இழுத்த கை
அப்படியே நின்றது. பிறகு இழுத்து மூடியது.
மேலே கிளார்க் ஒலிப்பதிவை
எப்போதோ அணைத்துவிட்டிருந்தார்.

இருபத்தெட்டாயிரம் வெள்ளிம்மா, என்றேன்,
முதல் தடவை சொல்வதைப் போலவே.