முத்தல்

ஏழாம் நம்பர் மலையில்
கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.
காலில் சேறு, கையில்
திகதி எழுதிய வெள்ளைச் சாக்கு.

கணக்கப்பிள்ளை கூடைக்குள் கைவிட்டுக் கிளறி
தடித்த இலைகளை மட்டும் பொறுக்கி
பாதையோரம் எறிந்தார்.
"முத்தல். ரெண்டு கிலோ வெட்டு."
வைரசோதி படங்கைப் பிழிந்தாள்.
பதினெட்டுக்கு இரண்டு குறைய
அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்.

எனக்கு வேண்டியிருந்தது
அந்த இரண்டு கிலோதான்.

குனிந்து அள்ளியபோது கேட்டாள்:
"குப்பை எதுக்குங்க?"
பல்சக்கரைட்டு என்று சொல்லத் தயங்கி,
"கெழட்டு இலையில பசை கூட.
சீனி சீனியா கைகோத்து நிக்கிற பசை,
ஆனா இனிக்காது" என்றேன்.
"மாப்பொருள் மாதிரியா?
அயடின் போட்டா நீலமாகுமா?"

ஓ.எல்.லில் விஞ்ஞானம் பி எடுத்தவளாம்.
எனக்குக் காது சுட்டது.
"ஆகாது. இது வேறு வகை."

இருநூறு ரூபா கொடுத்து வவுச்சரை நீட்டினேன்.
முழுப்பெயரும் எழுதினாள்,
என் எழுத்தைவிட நேராக.

கண்டியில்
காயவைத்து, அரைத்து,
தொண்ணூறு பாகையில் இரண்டு மணி.
வடிந்தது பார்வைக்கு வெறும் தேத்தண்ணி.
மதுசார அலுமாரியின் திறப்பு
சூரியபண்டாரவின் இடுப்பில்;
மில்லிலீற்றருக்கு மில்லிலீற்றர் கையெழுத்து.
நான்கு பங்கு ஊற்றினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமேயில்லை.
பிறகு
கரைந்துகிடந்ததெல்லாம் கரைய மறந்து
நூல் நூலாக
கிண்ணத்தின் நடுவே வந்து நின்றது.

கிளிசரோல் இரண்டு சொட்டு சேர்த்து
தட்டில் பரப்பி உலர்த்தினோம்,
காயத்தில் ஒட்டும் படலம் வேண்டி.
பதினாலில் பதினொன்று வெடித்தன.
மிஞ்சிய மூன்று, வெங்காயத் தோல்போல்,
ஒளியில் பிடித்தால் என் ரேகை தெரிந்தது.

வவுச்சர் திரும்பி வந்தது.
சிவப்பு மையில்:
கழிவுப் பொருளுக்குக் கொடுப்பனவு இல்லை.

மறுபடி மலையேறினேன் அடுத்த சாக்கோடு.
குதிகாலில் அட்டை;
பிடுங்கிய இடத்தில் நிற்காத இரத்தம்.
குறிப்புப் புத்தகத்துக்குள் இருந்த படலத்தை
கிள்ளி ஒட்டினேன், விதிக்குப் புறம்பாக.
வைரசோதி குந்தியிருந்து பார்த்தாள்.
இரத்தம் நின்றது.
படலத்தாலா, நேரமானதாலா?
ஒரு காலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
அதையும் அவளிடம் சொன்னேன்.

"அன்னைக்கு அள்ளினதுல
எவ்வளவு தேறிச்சு?"
"காய்ஞ்ச இலையில
நூத்துக்கு மூணு."

சற்று யோசித்தாள்.
"அப்ப தொண்ணூத்தேழு வெட்டு!
எங்க கணக்கப்பிள்ளை
எவ்வளவோ நல்லவரு"
என்று சொல்லிக்கொண்டே
சாக்கின் வாயை எனக்காக
அகலப் பிடித்தாள்.